துருவுக்கு லைசென்ஸ் தேவையில்லை

2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது எல்லோரும் இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் பேசினார்கள். பெண்களுக்கென்றே தயாரிக்கப்பட்டது என்பது ஒன்று. விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய் சொச்சம் என்பது மற்றொன்று. மூன்றாவது விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரைக் கிலோ எடையுள்ள அந்த .32 ரிவால்வர், மெரூன் நிற நகைப்பெட்டி ஒன்றில் வைத்துத் தரப்பட்டது. கடை கவுன்ட்டரில் திறந்து காட்டும்போது கண்ணைப் பறிக்கும். ஆனால் துப்பாக்கிக்கு இதைவிட மோசமான படுக்கை கிடையாது. மெத்தென்ற துணி விரித்த பெட்டி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது டைட்டானியக் கலவை என்றால் தப்பிக்கலாம். சாதாரண எஃகு என்றால் ஒரு மழைக்காலம் போதும்.

கைத்துப்பாக்கி வாங்குவது இந்தியாவில் லேசான காரியமல்ல. மனு, போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீசுக்கு நடை, உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று காட்டும் காகிதங்கள் என மாதங்கள் ஓடிவிடும். தனியார் இறக்குமதி 1980களின் மத்தியில் நிறுத்தப்பட்ட பிறகு, நெடுங்காலம் சந்தையில் கிடைத்தவை அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்புகளும் கைமாறி வரும் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளும்தான். இவ்வளவையும் தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த துப்பாக்கிக்கு முதலில் பூசப்படுவது எது? அநேகமாகச் சமையலறையில் கைக்கு எட்டிய எண்ணெய். இல்லாவிட்டால் ஆயுதக் கடைக்காரர் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்த, லேபிள் இல்லாத சீசா.

2016 இறுதியில் எடுத்த கணக்கின்படி நாட்டில் 33 லட்சத்துக்கும் அதிகமான ஆயுத லைசென்ஸ்கள் நடப்பில் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்துக்கு மேல். அமெரிக்காவிலிருந்து வரும் புத்தகங்களும் பாட்டில்களில் ஒட்டிய குறிப்புகளும் இவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. வார இறுதியில் பயிற்சி மைதானத்துக்குப் போய் இருநூறு, முந்நூறு தோட்டாக்களைச் சுட்டுத் தள்ளுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்கு எதிரி கரி. இங்கோ எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதே லைசென்ஸில் குறிக்கப்பட்டிருக்கும். சுட்டுப் பார்க்க இடமும் கிடையாது. துப்பாக்கி பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கும் பத்திரங்களுக்கும் நடுவே, ஆண்டுக்கணக்கில் தூங்குகிறது. இங்கே எதிரி கரி அல்ல, ஈரம். அதற்கு அடுத்த எதிரி, ஈரத்துக்குப் பயந்து அளவில்லாமல் எண்ணெயைக் கொட்டும் சொந்தக்காரர்.

எதை வாங்குவது என்ற கேள்விக்குக் கடைக்காரர் ஒரு பிராண்டைச் சொல்வார். அதற்கு முன் கேட்க வேண்டியது, என்ன வேலைக்கு என்பதை. துப்பாக்கிப் பராமரிப்பில் வேலைகள் மூன்று. சுட்ட பிறகு ஒட்டியிருக்கும் அழுக்கைக் கரைப்பது முதல் வேலை. உரசும் பாகங்களை வழுக்க வைப்பது இரண்டாவது. உலோகத்தைக் காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் மூடிக் காப்பது மூன்றாவது. ஒன்றைச் செய்யும் திரவம் மற்றொன்றைக் கெடுக்கும். அழுக்கைக் கரைக்கிற திரவம் இருக்கிற எண்ணெயையும் சேர்த்துக் கரைத்துவிடும். காக்கிற கிரீஸ் இயங்குகிற பாகத்தைப் பிடித்து நிறுத்திவிடும். மூன்றையும் ஒரே பாட்டிலில் தருகிறோம் என்று 'சி.எல்.பி.' என்ற பெயரில் சில எண்ணெய்கள் வருகின்றன. அமெரிக்க ராணுவமே இந்த வகையைத்தான் சிப்பாய்க்குக் கொடுக்கிறது. காரணம் எளிது. போர்க்களத்தில் மூன்று பாட்டில்களைச் சுமக்க முடியாது. சிப்பாய் தினமும் துடைக்கிறார், மறுநாள் மறுபடியும் பூசிக்கொள்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பீரோவைத் திறக்கிறவருக்கு இந்தச் சமரசம் தேவையில்லை.

முதல் வேலைக்கு உலகப் புகழ்பெற்ற சரக்கு 'ஹோப்பீஸ் நம்பர் 9'. ஃபிராங்க் ஆகஸ்ட் ஹோப் என்பவர் 1903இல் தயாரித்தது. வாழைப்பழ வாசனை அடிக்கும். அதிலுள்ள அமைல் அசிடேட் செய்யும் மாயம் அது. மண்ணெண்ணெய், ஆல்கஹால், கொஞ்சம் அம்மோனியா ஆகியவையும் உண்டு. வெடிமருந்துக் கரியை இது நன்றாகக் கரைக்கும். அம்மோனியாவின் வேலை வேறு. செம்பு உறை போட்ட குண்டுகள் குழலுக்குள் விட்டுச் செல்லும் செம்புப் படலத்தை அது அரித்தெடுக்கும். துணித்துண்டு நீலப்பச்சையாகத் திரும்பினால் செம்பு வருகிறது என்று அர்த்தம். அல்லது பித்தளை பிரஷ்ஷே கரைகிறது என்றும் அர்த்தம். புதியவர்கள் பலர் இந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் அழுக்குப் போகவில்லை என்று நாள் முழுக்கத் தேய்ப்பதுண்டு.

.32 ரிவால்வரில் பெரும்பாலும் பயன்படுவது உறை போடாத ஈயக் குண்டு. அதற்குக் காட்டமான அம்மோனியா சரக்கு தேவையே இல்லை. சிலிண்டரிலிருந்து குண்டு குழலுக்குள் நுழையும் வாயில்தான் ஈயம் அப்பிக்கொள்ளும். அதைக் கரைப்பானில் ஊறவிட்டு வெண்கல பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். நிக்கல் முலாம் பூசிய பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அம்மோனியா கலந்த எதையும் கிட்டே சேர்க்கக் கூடாது. முலாமுக்கு அடியில் செம்புப் பூச்சு இருந்தால், கீறல் வழியே இறங்கி அதைத் தின்றுவிடும். முலாம் உரிந்து வரும்.

பழைய தோட்டா விஷயத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. அந்தக் காலத்துப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்த பிறகு மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு நெருங்கிய பங்காளி. உப்பு என்ன செய்யுமோ அதையே இதுவும் செய்யும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் குழலை உள்ளேயிருந்து அரிக்கும். எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெயானாலும் உப்பைக் கரைக்காது. உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். .303 ரைஃபிள் காலத்துச் சிப்பாய்கள் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிக்கிற நீரை ஊற்றியது அதனால்தான். சூடான குழல் தானே உலர்ந்துவிடும். பிறகு எண்ணெய். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சடங்கு வேண்டாம். அப்பா காலத்துத் தோட்டாப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறவர்கள் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

துப்பாக்கிக்குப் பூசும் வழுவழுப்பு இந்தியாவில் ஒரு முறை சரித்திரத்தையே புரட்டிப் போட்டிருக்கிறது. வாய் வழியே கெட்டிக்க வேண்டிய புதிய என்ஃபீல்டு ரைஃபிளில் குண்டு வழுக்கி இறங்குவதற்காகத் தோட்டாக் காகிதத்தில் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அது பசுவுடையதா, பன்றியுடையதா என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம்மில் கிளம்பியது. மெழுகோ எண்ணெயோ உங்களுக்குப் பிடித்ததை நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் இறங்கி வந்தபோது காலம் கடந்துவிட்டது. மே 10 அன்று மீரட் வெடித்தது. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமைக்கு இதைவிடப் பழைய எடுத்துக்காட்டு தேவையில்லை.

இரண்டாவது வேலையான வழுக்க வைப்பதில்தான் சமையலறை உள்ளே நுழைகிறது. கடுகு எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாமே காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு தடித்துப்போகும் குணம் உள்ளவை. எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்குமே, அதேதான். அந்தப் பிசின் ட்ரிகரின் அச்சாணியைச் சுற்றி உருவானால், அவசரத்துக்கு எடுத்த ரிவால்வர் இறுகிக் கிடக்கும். ஆளி விதை எண்ணெய் இந்தக் குணத்தில் உச்சம். அதனால்தான் பெயின்டிலும் சேர்க்கிறார்கள், துப்பாக்கியின் மரக் கைப்பிடிக்கும் பூசுகிறார்கள். மரத்துக்கு அமிர்தம், இயந்திரத்துக்கு விஷம்.

தேங்காய் எண்ணெயின் கதை சற்று வேறு. அது அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது. இந்த நம்பிக்கையில் தெற்கே பலர் அதைப் பூட்டுக்கும் கத்தரிக்கும் விட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். ஊட்டிக்கோ லக்னோவின் ஜனவரிக்கோ எடுத்துச் சென்றால் ட்ரிகருக்குள் மெழுகு வைத்த மாதிரி. நாள்பட்டால் சிக்கு வாடையும் வரும். சிக்கு என்றால் அமிலம் என்று பொருள்.

பிரிட்டிஷ் இந்தியாவின் ஷிகாரிகள் 'ரங்கூன் எண்ணெய்' என்று கேட்டு வாங்கினார்கள். பர்மாவில் மண்ணிலிருந்து எடுத்த எண்ணெயிலிருந்து வந்த பெயர் அது. மண்ணிலிருந்து வந்த எண்ணெய் தாவர எண்ணெய் மாதிரி பிசினாவதில்லை என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். அந்த ரங்கூன் எண்ணெயின் இன்றைய ஏழை உறவினர் நம் தெருக்கோடிக் கடையில் இருக்கிறார்: தையல் மெஷின் எண்ணெய். மெல்லிய, சுத்தமான கனிம எண்ணெய். ரிவால்வரின் அச்சாணிகளுக்கு அதுவே போதும் என்று சொல்ல எந்தத் தயக்கமும் வேண்டாம். ஆனால் அளவு முக்கியம். சிலிண்டர் சுழலும் அச்சில் ஒரு சொட்டு. திறந்து மூடும் கீலில் ஒரு சொட்டு. ஹாம்மரும் ட்ரிகரும் அசையும் இடத்தில் ஊசி முனையால் தொட்டு வைக்கிற அளவு. தோட்டாவை வெளியே தள்ளும் நட்சத்திரத்தின் அடியில் எண்ணெய் தேங்கவே கூடாது. அங்கே தூசும் கரியும் சேர்ந்து குழம்பானால் சிலிண்டர் முழுதாக மூடாது. காரிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதில் இருப்பது எஞ்சினின் கரியும் அமிலமும். கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவது நல்லது.

தையல் மெஷின் எண்ணெய் தோற்கும் இடம் மூன்றாவது வேலை. சில வாரங்களில் வடிந்துவிடும், துருவைத் தடுக்கும் மருந்தும் அதில் இல்லை. நீண்ட தூக்கத்துக்கு வேறு சரக்கு வேண்டும். 1904இல் ஜெர்மனியில் ஹெல்முட் கிளேவர் உருவாக்கிய 'பாலிஸ்டால்' இந்த வகையில் மூத்தது. கைசரின் ராணுவத்துக்காகத் தயாரானது. உலோகம், மரம், தோல் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் வேண்டும் என்று கேட்டதால் வந்தது. தண்ணீரோடு கலந்தால் பால்போல வெளுக்கும். உப்புத் தோட்டா சுட்டவர்களுக்கு அது ஒரு கூடுதல் வசதி. கிடைக்காவிட்டால், 'துருத் தடுப்பு' என்று தெளிவாக எழுதியிருக்கும் எந்த நல்ல இயந்திர எண்ணெயும், மெல்லிய கிரீஸும் அந்த வேலையைச் செய்யும்.

நீல-மஞ்சள் டப்பாவில் வரும் டபிள்யூ.டி.-40 பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹார்டுவேர் கடை தோறும் இருக்கிறது. கதவுக் கீல் முதல் சைக்கிள் செயின் வரை எல்லாவற்றுக்கும் அடிக்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில் சான் டியாகோவில் உருவானது. பெயரே 'நீரை வெளியேற்றல், நாற்பதாவது முயற்சி' என்பதன் சுருக்கம். அட்லஸ் ஏவுகணையின் தோல் துருப்பிடிக்காமல் காக்கப் பயன்பட்டது. மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து நீரை விரட்ட இதைப் போல வேறில்லை. விரட்டிய பிறகு துடைத்துவிட்டு, நிலைத்து நிற்கும் எண்ணெயைப் பூச வேண்டும். அதையே அடித்துவிட்டு ஆறு மாதம் பூட்டிவைத்தால் படலம் மெலிந்துவிடும். தோட்டா பக்கத்தில் இருக்கும்போது அடிப்பது இன்னும் ஆபத்து. இடுக்கில் ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் இறங்கினால் அந்தத் தோட்டா வெடிக்காமல் போகலாம். அது தெரியவருவது தேவைப்படும் நேரத்தில்தான்.

புதுத் துப்பாக்கியோ தொழிற்சாலைப் பூச்சோடுதான் வரும். அது கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது, சுடுவதற்காக அல்ல. குழலுக்குள்ளும் சிலிண்டரின் ஆறு அறைகளுக்குள்ளும் இருப்பதைச் சுடுவதற்கு முன் முழுக்கத் துடைத்து எடுக்க வேண்டும். குழலில் எண்ணெய் தேங்கியிருக்கும்போது சுட்டால் அழுத்தம் தாறுமாறாக ஏறும். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குப் புல்-த்ரூ கயிறும் 'சிந்தி'த் துணியும் மறந்திருக்காது. பழைய பருத்திப் பனியனைச் சிறு சதுரங்களாக வெட்டினால் அதே சிந்திதான். இதற்குப் போய் இறக்குமதித் துணி வாங்குவது வீண்.

கடையில் விற்காத ஒரு பொருளும் உண்டு. 2024 அக்டோபர் 1 அதிகாலையில் மும்பையில் நடிகர் கோவிந்தாவின் காலில் குண்டு பாய்ந்தது. சுட்டது அவருடைய சொந்த லைசென்ஸ் ரிவால்வர். வெளியூர் கிளம்புவதற்கு முன் எடுத்து வைக்கும்போது கைநழுவி விழுந்து வெடித்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. அறுவைச் சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். காலோடு போனது அதிர்ஷ்டம். துடைக்க உட்காருவதற்கு முன் தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு வருவதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ரிவால்வரில் ஆறு அறைகளையும் கண்ணால் பார்க்க வேண்டும், விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிஸ்டல் இன்னும் ஏமாற்றுக்காரன். இஷாப்பூரின் 'அஷானி' போன்ற .32 பிஸ்டல்களில் மேகஸினைக் கழற்றிய பிறகும் குழலின் வாயில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். முதலில் மேகஸின், பிறகு ஸ்லைடு. வரிசை மாறினால், இழுத்த ஸ்லைடு ஒன்றைத் தள்ளிவிட்டு மேகஸினிலிருந்து அடுத்ததை உள்ளே ஏற்றிக்கொள்ளும். காலியாகிவிட்டது என்ற நினைப்பில் ட்ரிகரை அழுத்துவார்கள்.

உட்காருகிற இடமும் முக்கியம். சாப்பாட்டு மேஜை கூடாது. சுட்ட துப்பாக்கியின் கரியில் ஈயம் இருக்கிறது. குண்டிலும் உண்டு, பிரைமரிலும் உண்டு. குழந்தைகள் உடம்பில் சேரவே கூடாத பொருள். ஜன்னலைத் திறந்துவைத்து, பழைய செய்தித்தாளை விரித்து, முடிந்ததும் தாளையும் துணியையும் சுருட்டி எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கரைப்பான்கள் சட்டென்று தீப்பற்றும் என்பதால் பூஜை அறைப் பக்கமும் வேண்டாம்.

துடைத்த பிறகு வெறும் கை படக்கூடாது. வியர்வையில் உப்பு உண்டு. விருந்தாளி ஆசையாக வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த துப்பாக்கியில் சில நாளில் ஐந்து விரல்களும் பழுப்பு நிறத்தில் பதிந்திருக்கும். தோல் உறை இடுப்பில் மாட்டுவதற்கு. பீரோவில் வைப்பதற்கு அல்ல. தோலும் ஈரம் பிடிக்கும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போடலாம். அதுவும் நிரந்தரம் இல்லை. ஈரம் குடித்துக் குடித்து ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும், சூடுகாட்டி உலர்த்தினால்தான் மறுபடி குடிக்கும்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பவரையும் கவிழ்ப்பது தேர்தல். தேதி அறிவித்த கையோடு லைசென்ஸ்தாரர்களிடமிருந்து துப்பாக்கிகள் வாங்கப்படுகின்றன. சீட்டுக் கட்டி, ஸ்டேஷன் அறையில் மற்றவற்றோடு அடுக்கி வைக்கப்படும். 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16 அறிவிப்பிலிருந்து ஜூன் 4 எண்ணிக்கை வரை 80 நாள். கடலோர ஊர்களில் அது உப்புக் காற்றில் 80 நாள். திரும்பி வரும்போது குழலுக்குள் செம்புள்ளிகள் விழுந்திருந்தால் யாரையும் கேட்க முடியாது. ஒப்படைப்பதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியது, வழக்கமான சொட்டு எண்ணெயை மறந்துவிட்டு, குழலின் உள்ளும் புறமும் சிலிண்டர் அறைகளிலும் கிரீஸைத் தாராளமாகவே பூசுவது. உறையைக் கொடுக்காமல் துப்பாக்கியை மட்டும் துணியில் சுற்றிக் கொடுக்கலாம். ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமும் ஒப்படைக்க வழி உண்டு. கட்டணம் வாங்கினாலும் அவர் கிடங்கு கொஞ்சம் உலர்ந்திருக்கும். ரசீதில் துப்பாக்கியின் எண்ணோடு அதன் நிலையையும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கிரீஸ் முழுவதையும் துடைத்தெடுத்து, குழலின் ஒரு முனையில் வெளிச்சம் காட்டி மறு முனையில் பார்த்த பிறகே தோட்டாவைத் தொட வேண்டும்.